ஃபேட் அவுட் ஆகும் பாட்டை பேண்ட் எப்படி முடிக்கும்?

ஒரு பழைய பாப் பாட்டை கான்சர்ட் பேண்டுக்காக எழுதிய ஸ்கோர் கையில் கிடைத்தால், நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். முதல் பக்கத்தில் எல்லா அரேஞ்சர்களும் கெட்டிக்காரர்கள். ஊருக்கே தெரிந்த மெட்டு. அதைப் புல்லாங்குழலிடமோ டிரம்பெட்டிடமோ கொடுத்தால் போதும், அரங்கில் ஒரு புன்னகை, ஒரு கைதட்டல், வேலை முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

காரணம் எளிது. 1960கள், 70களில் வந்த பாப் ரெக்கார்டுகள் ஏராளமானவற்றுக்கு முடிவே கிடையாது. ஸ்டுடியோவில் இவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருப்பார்கள். இஞ்சினியர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். தூரத்தில் போகிற ரயில் மாதிரி பாட்டு மறைந்துவிடும். ஃபேட் அவுட் என்று சொல்கிறோமே, அதுதான். மேடையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு அப்படி ஒரு திருகு கிடையாது. அவர்கள் எங்காவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதாவது, அந்தப் பாட்டில் இல்லாத ஒன்றை அரேஞ்சர் சொந்தமாக எழுதியே தீரவேண்டும். பாட்டைப் பற்றி அவர் உண்மையிலேயே யோசித்தாரா, இல்லை ரெக்கார்டைக் காகிதத்தில் நகலெடுத்தாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கான்சர்ட் பேண்ட் என்பது வயலின் குடும்பம் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா. புல்லாங்குழல், ஓபோ, மூன்று பிரிவாகக் கிளாரினெட், சாக்ஸஃபோன்கள், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா, பிறகு தாளக் கருவிகள். நம்மூர் கல்யாண ஊர்வல பேண்டோடு கருவிகளில் பாதி ஒத்துப்போகும். ஆனா இவர்கள் நடக்க மாட்டார்கள். உட்கார்ந்து, கண்டக்டரைப் பார்த்து, காகிதத்தில் எழுதியிருப்பதை வாசிப்பார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பள்ளிக்கூடம்தான் இதன் தாய்வீடு. நிகழ்ச்சி நிரலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு மார்ச், ஒரு கனமான படைப்பு, கடைசியில் பெற்றோர்களுக்காக ஒரு பாப் பாட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் மாதிரி. பிரச்சினை அங்கேயே ஆரம்பிக்கிறது. ஐஸ்கிரீமை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை.

இந்த ஐஸ்கிரீமுக்கு ஒரு பெரிய வியாபார வரலாறும் உண்டு. இன்று அச்சு இசையில் உலகின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்று ஹால் லியோனார்ட். 1947இல் மினசோட்டா மாநிலத்தில் வினோனா என்கிற ஊரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஹரால்ட், எவரெட் லியோனார்ட் எட்ஸ்ட்ராம் என்கிற சகோதரர்களும் அவர்களுடைய நண்பர் ரோஜர் பஸ்டிக்கரும். டான்ஸ் பேண்டில் வாசித்தவர்கள். அவர்களில் ஹரால்டும் ரோஜரும் பிறகு பள்ளி பேண்ட் ஆசிரியர்களாகப் போனார்கள். அன்றைய ஜனரஞ்சகப் பாட்டுகளைத் தங்கள் மாணவர்களுக்காக எழுதினார்கள். பக்கத்து ஊர் ஆசிரியர்கள் எங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். அதிலிருந்து கம்பெனி பிறந்தது. ஆக, பள்ளி பேண்டுக்கான பாப் அரேஞ்ச்மென்ட் என்பது அந்தத் தொழிலின் ஓரத்தில் முளைத்த ஒன்றில்லை. அடித்தளமே அதுதான்.

இனி ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’. 1968 ஆகஸ்டில் வந்தது. 7 நிமிடம் 11 வினாடி. பால் மெக்கார்ட்னி பியானோவில் தனியாகப் பாட ஆரம்பிப்பார். பிறகு ஒவ்வொரு கருவியாக உள்ளே வரும். சுமார் மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். அதற்கப்புறம் நான்கு நிமிடம் ஒரே ஒரு வரி, பொருளில்லாத அசைகள், மூன்றே கார்டுகள், திரும்பத் திரும்ப. பிறகு ஃபேட் அவுட்.

பேண்டுக்கு இதைவிட வசதியான பாட்டு கிடையாது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். இது எஃப் மேஜர். பேண்ட் கருவிகளில் பல பி ஃபிளாட், இ ஃபிளாட் சுருதியில் செய்யப்பட்டவை. அதனால் எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட் சுருதிகளில் விரல்கள் சுலபமாக ஓடும். கிடாருக்குப் பிடித்த இ, ஏ சுருதிப் பாட்டுகள் வந்தால் கிளாரினெட் காகிதத்தில் ஷார்ப் குறிகள் மந்தையாக வந்து நிற்கும். ‘ஹே ஜூட்’டில் அந்தத் தொல்லை இல்லை. பின்பகுதியில் வரும் மூன்று கார்டுகளும் எஃப், இ ஃபிளாட், பி ஃபிளாட். பேண்டுக்காகவே எழுதினது மாதிரி இருக்கும்.

ஆனா வாசித்துப் பார்த்தால் பெரும்பாலும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஏன்?

முதல் காரணம் குரலின் காலம். பாப் பாடகர் தாளத்தின் மேல் நேராக உட்கார மாட்டார். நம்ம கர்நாடக சங்கீத பாஷையில் சொன்னால் எடுப்பு சமத்தில் இருக்காது. கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி, ஒவ்வொரு சரணத்திலும் வேற வேற இடத்தில். சொல்லின் எடை எங்கே விழுகிறதோ அங்கே சுரம் சாயும். அரேஞ்சர் இதை எழுத உட்காரும்போது அவருக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. பாடகர் பாடியதை அப்படியே எழுதினால், பக்கம் முழுக்கப் பதினாறாம் மாத்திரைகளும் இணைப்புக் கோடுகளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் பயந்துவிடும். பயப்படாமல் வாசித்தாலும், ஒரு ஆள் சுதந்திரமாகப் பாடியதைப் பத்து கிளாரினெட் சேர்ந்து துல்லியமாக வாசித்தால் அது சுதந்திரமாகக் கேட்காது. ஒரு மனிதர் தோளைக் குலுக்குவது அழகு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் தோளைக் குலுக்கினால் அது டிரில்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் தட்டி நேராக்குவது. எட்டாம் மாத்திரை, கால் மாத்திரை, சரியாகத் தாளத்தின் தலையில். வாசிக்கச் சுலபம். ஆனா அது ஞாயிற்றுக்கிழமை கோயில் கீதம் மாதிரி ஆகிவிடும். மெட்டு இருக்கும், பாட்டு இருக்காது. கடைகளில் விற்கும் சுலப கிரேடு பிரதிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. முதல் சரணத்தை ஒரே ஒரு ஆளிடம் கொடுப்பது. ஒரு யூஃபோனியம், அல்லது ஒரு ஆல்டோ சாக்ஸ். காகிதத்தில் எளிய வடிவத்தை மட்டும் எழுதி, மேலே ‘சுதந்திரமாக’ என்று ஒரு சொல். அந்தப் பிள்ளை ரெக்கார்டைக் கேட்டு, தன் மூச்சுக்குத் தக்கபடி வளைத்து வாசிக்கும். துணிச்சல் வேண்டிய வழி, ஆசிரியருக்கும் பிள்ளைக்கும். நல்ல அரேஞ்ச்மென்ட்களில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ‘ஹே ஜூட்’டின் வடிவமே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான். தனி ஒருவர், பிறகு இருவர், பிறகு ஒரு கூட்டம். பாட்டு சொல்லவருவதும் அதுவேதான். இதை நேர்மையாக எழுதினால் பேண்டில் முக்கால்வாசிப் பேர் முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். மூன்றாம் கிளாரினெட் முப்பது நாற்பது பார் எண்ணிக்கொண்டு காத்திருக்கணும். பள்ளி ஆசிரியர்கள் அதை விரும்புவதில்லை. சும்மா இருக்கும் பிள்ளை குறும்பு செய்யும். பதிப்பகங்களும் விரும்புவதில்லை, பிரதி வாங்குகிற பள்ளியில் ஓபோ இருக்குமா, ஹார்ன் இருக்குமா என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே வரியை நான்கு கருவிகளுக்கு எழுதிவிடுவார்கள். ஹார்ன் வரியே ஆல்டோ சாக்ஸிலும் இருக்கும், யூஃபோனியம் வரியே டெனார் சாக்ஸிலும் இருக்கும். யார் வராவிட்டாலும் பாட்டு நிற்காது. ஆனா எல்லோரும் வந்துவிட்டால்? ஐந்தாவது பாரிலிருந்து கடைசி வரை எல்லாரும் வாசிப்பார்கள். எல்லா நிறமும் கலந்து சாம்பல் நிறம். கூட்டம் சேர்கிற பாட்டு, முதலிலிருந்தே கூட்டமாக இருந்தால், சேர்வதற்கு யாருமே மிச்சமில்லை.

மூன்றாவது, அடித்தளம். ரெக்கார்டில் பாஸ் கிடாரும் டிரம்ஸும் பாட்டைத் தூக்கிப் பிடிக்கின்றன. பாஸ் கிடாருக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, டியூபாவுக்கு வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் பாஸ் வரியை அப்படியே டியூபாவில் எழுதினால், பாவம், அந்த ஆள் எங்கே மூச்சு விடுவார்? இரண்டு டியூபா இருந்தால் மாற்றி மாற்றி மூச்சு வாங்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் பாட்டின் அஸ்திவாரத்தில் ஓட்டை விழும். தெரிந்த அரேஞ்சர் சில சுரங்களை எடுத்துவிட்டு இடைவெளியையே தாளமாக மாற்றுவார். டிரம்ஸ் விஷயமும் இப்படித்தான். ரெக்கார்டில் ஒரு ஆள் இரண்டு கை, இரண்டு காலால் செய்ததை, பேண்டில் சில சமயம் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நான்கு பேரும் நல்லா வாசித்தாலும் அது ஒரு உடம்பிலிருந்து வரும் தாளமாக இருக்காது.

இதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சப்பென்ற தன்மை. கருவிகள் குற்றவாளிகள் இல்லை. பிள்ளைகள் நிச்சயமாக இல்லை. ரெக்கார்டை நகலெடுக்க முயல்வதுதான் குற்றம்.

இப்போது ‘ஹே ஜூட்’டின் பின்பகுதிக்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்த நான்கு நிமிடத்தில் 36 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறது. அதில் வயலின்கள் மட்டுமில்லை. புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன், டிரம்பெட், டிராம்போன், ஹார்ன் எல்லாம் உண்டு. ஒரு சின்ன பேண்ட் ஏற்கெனவே அந்த ரெக்கார்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது! அவர்கள் வாசிப்பதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை; நீண்ட சுரங்கள், கார்டுக்குக் கார்டு நகரும் ஒரு மெத்தை, அவ்வளவுதான். அதோடு, வாசித்து முடித்த அந்த ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்களைக் கை தட்டவும் கூடச் சேர்ந்து பாடவும் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் பாடினார்கள்.

இது அரேஞ்சருக்குக் கிடைத்த புதையல் என்று நினைக்கிறேன். மூன்றாம் கிளாரினெட்டுக்கு என்ன வேலை கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டிலேயே அதற்கு இடம் இருக்கு: நட்சத்திரமாக இல்லை, கூட்டத்தில் ஒரு ஆளாக. நீண்ட சுரத்தை மூச்சு நிறைய ஊதுவது, பிறகு கருவியை மடியில் வைத்துவிட்டுப் பாடுவது. பத்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். அது குறைந்த வேலையும் ஆகாது, அசல் ரெக்கார்டிலேயே அதுதானே வேலை.

சரி, கடைசிப் பக்கம். ஃபேட் அவுட்டை என்ன செய்வது? வழக்கமான பதில்: நான்கு தடவை திரும்பச் சொல்லி, வேகத்தைக் குறைத்து, டிம்பனி உருண்டு, பெரிய எஃப் மேஜர் கார்டு, முற்றும். கைதட்டல் நிச்சயம். ஆனா யோசித்துப் பாருங்க. முடியவே மாட்டேன் என்று சொல்கிற பாட்டுக்கு ஒரு ராணுவ அணிவகுப்பின் முடிவு. அந்தக் கார்டு சொல்வது, “சரி, நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க” என்பதுதான்.

ஒலி மங்கி மறைவது ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மேடையில் அதைச் செய்து காட்டியவர்கள் வெகு காலம் முன்பே இருக்கிறார்கள். ஹெய்டன் 1772இல் எழுதிய 45ஆவது சிம்பொனியின் கடைசியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தி எழுந்து போவார்கள். முடிவில் இரண்டே வயலின்கள் மிஞ்சும். 1918இல் முதன்முதலில் வாசிக்கப்பட்ட குஸ்டாவ் ஹோல்ஸ்டின் ‘தி பிளானெட்ஸ்’ தொகுப்பில் கடைசிப் பகுதி ‘நெப்டியூன்’. மேடைக்கு வெளியே ஓர் அறையில் பெண்கள் பாடுவார்கள். கடைசி பாரைத் திரும்பத் திரும்பப் பாட, அந்த அறையின் கதவு மெல்ல மூடப்படும். குரல் தூரத்தில் கரைந்துபோகும். மின்சாரத் திருகு எதுவும் இல்லாமல் எழுதப்பட்ட ஃபேட் அவுட் அது.

‘ஹே ஜூட்’டுக்கு இதுவே போதும். பித்தளைக் கருவிகள் முதலில் நிறுத்தட்டும், அவர்கள் பாடட்டும். பிறகு சாக்ஸ்கள். பிறகு கிளாரினெட்கள். கடைசியில் கருவியே இல்லை, ஐம்பது பேரின் குரல் மட்டும், கூட அரங்கத்தின் குரலும். கண்டக்டர் கையை இறக்கிக்கொண்டே வந்தால் குரலும் இறங்கும். ஸ்கோரில் இதை எழுதுவதற்கு நாலு வரி போதும். யாரும் செய்யாமல் இல்லை. பேண்டைப் பாடவைக்கிற அரேஞ்ச்மென்ட்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனா கடைச்சரக்கில் டிம்பனி உருளும் முடிவுதான் அதிகம்.

‘ஹே ஜூட்’ குரலின் பாட்டு. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பாட்டையும் பார்க்கணும். ஸ்டீவி வொண்டரின் ‘சர் டியூக்’, 1976இல் வந்த ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ ஆல்பத்தில் இருப்பது. 1974இல் மறைந்த டியூக் எலிங்டனுக்கு அஞ்சலி. பாட்டின் நடுவே வார்த்தை நின்றுவிடும். இரண்டு டிரம்பெட், இரண்டு சாக்ஸ், கூடவே பாஸும் கிடாரும், எல்லாம் ஒரே வரியை ஒன்றாக, தலைதெறிக்க ஓடும். கார்டு கிடையாது, துணை சுரம் கிடையாது. ஒரே வரி. கேட்டவர்கள் யாருக்கும் அது மறக்காது.

சுருதி மட்டும் பேண்டுக்குக் கொடுமையானது: பி மேஜர். அப்படியே வைத்தால் டிரம்பெட்காரருக்கு ஏழு ஷார்ப் அல்லது ஐந்து ஃபிளாட். அரைச்சுரம் இறக்கி பி ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தால் அதே டிரம்பெட்காரருக்கு சி மேஜர், ஒரு குறியும் இல்லை. இதை ரெக்கார்டுக்குத் துரோகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரைச்சுரம் போனால் போகட்டும், ஓட்டம் இருக்கணும். ஐந்து ஃபிளாட்டில் தடுக்கி விழும் ஓட்டத்தைவிட, குறியில்லாத சுருதியில் பறக்கும் ஓட்டம்தான் அசலுக்கு நெருக்கம்.

இங்கேயும் ஒரு சோதனை இருக்கிறது. டிராம்போனில் சுரத்தை மாற்றக் குழாயை இழுக்க வேண்டும். இவ்வளவு வேகமான வரி அதற்கு ஒத்துவராது. எல்லோருக்கும் ஒரே வரி என்று எழுதிவிட்டால் டிராம்போன்கள் வழுக்கி, டியூபா பின்தங்கி, ஓட்டம் சேற்றில் நடப்பது போல ஆகும். நல்ல அரேஞ்சர் டிராம்போனுக்கும் டியூபாவுக்கும் அந்த வரி காலூன்றுகிற சுரங்களை மட்டும் கொடுப்பார். முழு வரி மேலே ஓடும், கீழே அடி விழும். கேட்பவர் காதுக்கு ஐம்பது பேரும் ஓடுகிற மாதிரியே இருக்கும். அசலில் நாலு ஊதுகருவிகள் செய்ததை இத்தனை பேர் செய்யும்போது, பாட்டு எதையும் இழக்கவில்லை. எலிங்டனின் பெரிய பேண்டுக்கு இன்னும் ஒரு படி பக்கத்தில் போகிறது. அரேஞ்ச்மென்டில் ஜெயிக்கும் பாட்டு இது. இசையின் மையம் ஏற்கெனவே கருவியில் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பான்காரர்கள். 1972இல் அங்கே ‘நியூ சவுண்ட்ஸ் இன் பிராஸ்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. பாப், ஜாஸ், சினிமா இசையைக் கான்சர்ட் பேண்டுக்காக எழுதி, ஸ்கோரையும் ரெக்கார்டையும் வெளியிடும் தொடர். அதன் முதுகெலும்பு இவாய் நாவோஹிரோ (1923-2014). ரெக்கார்ட் கம்பெனியில் அரேஞ்சராக இருந்தவர். ஸ்டுடியோவில் பாப் எப்படிச் செய்யப்படுகிறது என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர். ரெக்கார்டுகளை வாசித்தது டோக்கியோ கோசெய் விண்ட் ஆர்க்கெஸ்ட்ரா, சம்பளம் வாங்கும் தொழில்முறைக் குழு. இது சின்ன விஷயமில்லை. ஐஸ்கிரீம் என்று ஒதுக்கப்பட்டதை நாட்டின் சிறந்த சமையல்காரர்களிடம் கொடுத்த மாதிரி.

இதில் ஒரு அழகான முடிச்சும் இருக்கிறது. பேண்ட் இசை கனமான கலை என்று அமெரிக்காவில் நிலைநாட்டியவர் ஃபிரெடெரிக் ஃபென்னல். 1952இல் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் என்ற குழுவைத் தொடங்கி, ஒரு வரிக்கு ஒரு ஆள் என்கிற சுத்தமான ஒலியைக் கொண்டுவந்தவர். அதே ஃபென்னல் 1984இல் டோக்கியோ கோசெய் குழுவின் கண்டக்டராகப் போனார். ஒரே குழு, ஒரு பக்கம் ஃபென்னலோடு கனமான இசை, இன்னொரு பக்கம் பாப். அவர்கள் யாருக்கும் அது இழுக்காகப் படவில்லை.

அந்தத் தொடரில் இன்று வரை வாசிக்கப்படும் ஒன்று ‘தகராஜிமா’, புதையல் தீவு என்று பொருள். டி-ஸ்கொயர் என்கிற ஜப்பானியக் குழுவின் 1986ஆம் வருடத்துப் பாட்டு. அப்போது குழுவின் பெயர் ‘தி ஸ்கொயர்’. இயற்றியவர் கீபோர்டுக்காரர் இசுமி ஹிரோதகா, பேண்டுக்கு எழுதியவர் மஷிமா தோஷியோ. அசலிலேயே வாய்ப்பாட்டு கிடையாது. ஆக, இல்லாத பாடகரைத் தேடி யாரும் தவிக்க வேண்டாம். அகோகோ என்கிற இரட்டை மணியின் சாம்பா தாளத்தில் ஆரம்பிக்கும். அந்த மணி கிடைத்த பிள்ளைக்குத்தான் முதல் பெருமை. நடுவில் சாக்ஸ் தனி. பிறகு கூட்டமாக ஒரு வேகமான பகுதி. அதற்கு வாசிப்பவர்கள் எழுந்து நிற்பது வழக்கம். ‘ஹிபிகே! யூஃபோனியம்’ அனிமே தொடரின் இரண்டாவது சீசனில் (2016) ரயில் நிலையக் கச்சேரி ஒன்றில் இதே பாட்டு வரும். எப்போதும் தன்னை நம்பாத பேண்ட் தலைவி அன்று பாரிடோன் சாக்ஸில் தனி வாசிப்பாள். அந்தக் காட்சி அந்த அளவுக்குத் தைப்பதற்குக் காரணம், அரேஞ்ச்மென்டிலேயே ஒரு ஆள் எழுந்து நிற்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நியாயமாகச் சொல்லணும். பல நல்ல பேண்ட் ஆசிரியர்கள் பாப் அரேஞ்ச்மென்ட்களை வெறுக்கிறார்கள். வருடத்துக்கு இருப்பதே கொஞ்ச மணிநேரம், அதில் ஹோல்ஸ்டின் 1909ஆம் வருடத்து முதல் சூட்டை வாசிக்கலாமே, எதற்கு இந்தக் கடைச்சரக்கு என்கிறார்கள். கடைச்சரக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. முக்கியமாக மெட்லிகள். ஆறு பாட்டு, ஒவ்வொன்றும் அரை நிமிடம். ரசிகர் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அடுத்த பாட்டு. அதில் நடப்பது கேட்பது இல்லை, பெயர்ப்பலகை வாசிப்பது. ஒரு பாட்டு வளர்வதற்கு நேரமே கொடுக்காத வடிவத்தில் எந்த அரேஞ்சரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ‘பாட்டை அரேஞ்ச் செய்வது இரண்டாம் தரம்’ என்பதை மட்டும் ஏற்க முடியாது. பேண்ட் இலக்கியத்தின் உச்சியில் எல்லோரும் வைப்பது பெர்சி கிரெய்ஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போஸி’ (1937). அது என்ன? இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் 1905, 1906இல் அவர் சேகரித்த நாட்டுப்பாடல்கள், பேண்டுக்கு எழுதப்பட்டவை. ஃபோனோகிராஃப் கருவியில் பாடகர்களைப் பதிவு செய்தவர் அவர். அவர்கள் தாளத்துக்குள் அடங்காமல், தங்கள் மூச்சுக்குப் பாடினார்கள். கிரெய்ஞ்சர் அதைத் தட்டி நேராக்கவில்லை. பார் மாறி மாறி வரும் விசித்திரத் தாளங்களில் எழுதினார். ஓரிடத்தில் தாளமே எழுதாமல் கண்டக்டரின் கைக்கு விட்டார். மெட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பகுதியையும் பாடிய ஆளின் உருவப்படமாகச் செய்தார். மேலே ‘ஹே ஜூட்’டில் பார்த்தோமே, குரலின் காலம் என்கிற பிரச்சினை, அதே பிரச்சினைதான். முதல் அரங்கேற்றத்தில் வாசிப்பவர்களுக்கு அது மிகக் கடினமாக இருந்தது. முழுதாக வாசிக்க முடியவில்லை. இன்று அது பாடத்திட்டம்.

ஆக, கனமான இசைக்கும் பாப் அரேஞ்ச்மென்டுக்கும் நடுவே இருப்பது பாட்டின் தரம் பற்றிய வித்தியாசமில்லை. பாடிய ஆளை அரேஞ்சர் எவ்வளவு கவனித்தார், வாசிக்கப்போகும் ஆளை எவ்வளவு கவனித்தார் என்பதுதான். கிரெய்ஞ்சர் பாடியவரைக் கவனித்தார். இவாயும் மஷிமாவும் வாசிப்பவரைக் கவனித்தார்கள். கடைச்சரக்கு இரண்டு பேரையும் கவனிப்பதில்லை. பிரதி வாங்குபவரை மட்டும் கவனிக்கிறது.

பள்ளி பேண்டில் வாசிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளி முடிந்ததும் கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். அவர்கள் வீட்டார் கேட்டு மகிழ்ந்து, பிறகும் நினைவில் வைத்திருக்கப்போவது அந்தக் கடைசி ஐஸ்கிரீம் பாட்டைத்தான். அதனால்தான் அது கவனமாக எழுதப்படவேண்டும், கவனமாக ஒத்திகை பார்க்கப்படவேண்டும் என்கிறேன். அடுத்த தடவை யூட்யூபில் ஏதாவது பள்ளி பேண்ட் ‘ஹே ஜூட்’ வாசிப்பதைப் பார்த்தால், மெட்டு வாசிக்கும் டிரம்பெட்டை விட்டுவிடுங்கள். இரண்டாவது வரிசை ஓரத்தில் மூன்றாம் கிளாரினெட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பாருங்க. பாட்டின் பின்பகுதி வரும்போது அந்தப் பிள்ளைக்குச் செய்ய என்ன இருக்கிறது? மூச்சு நிறைய ஒரு நீண்ட சுரமும், கூடச் சேர்ந்து பாட ஒரு வரியும் இருந்தால், அரேஞ்ச்மென்ட் நல்லது.